பாயம்மா மறித்த வண்டி

கை தட்டினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எஸ்டேட் லைன் வீடுகள் முகப்பில் துரை நினைவாகக் கல் திறந்தார்கள், சரி. மாலை போட்டார்கள், சரி. பழைய துரையின் மகன் மைக்கைப் பிடித்து, எங்கள் அப்பா காலத்தில் பிரசவம் என்றால் எஸ்டேட் ஜீப் தானாக லைனுக்கு வந்து நிற்கும், அவர் மனசு அப்படி என்று பேசினார். அவர் அப்போது பிறக்கவே இல்லை. வீட்டில் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். அவரையும் விட்டுவிடுகிறேன். ஆனால் நீங்கள்? என்னோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், ஒரே பலாப்பழத்துக்கு என்னோடு அடித்துக்கொண்டவர்கள், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டினீர்கள். உங்களுக்குமா மறந்துபோனது?

நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்தக் கல்லையும் அப்படித்தான் படித்தேன், விரலை வைத்து, மேலிருந்து கீழ் வரைக்கும். துரையின் பெயர் இருந்தது. துரையின் அப்பா பெயர் இருந்தது. கல் வாங்கிக் கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. பாயம்மா இல்லை. அதனால் நானே எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

அது ஒரு கோடை. எனக்கு ஒன்பது வயது இருக்கும். காப்பிப் பூ உதிர்ந்து, காய் மிளகு அளவுக்குத் திரண்டிருந்தது. கோடை மழை ஏமாற்றிவிட்டதால் லைன் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். பள்ளிக்கூடம் லீவு. நம்மையெல்லாம் துரை பங்களாவுக்கு வரச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஏற்காட்டில் பூக் கண்காட்சி வரப்போகிறது, போன வருஷம் பக்கத்து எஸ்டேட்காரன் பரிசைக் கொண்டுபோய்விட்டான், இந்த வருஷம் விடக்கூடாது என்று துரைக்கு வெறி. பங்களா வாசலில் வரிசை வரிசையாகத் தொட்டிகள். டேலியா ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றுவது நம் வேலை. புளித்த புண்ணாக்குத் தண்ணீரையும் நாம்தான் ஊற்றினோம். அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது, சோறு பிசைந்தால் சோற்றிலும் அடிக்கும். ஈரத் தொட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்கும்போது வரும் குளிர்ச்சி மட்டும் எனக்குப் பிடிக்கும். ஒரு இதழ் ஒடிந்தால் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் காதைத் திருகுவார்.

பூவுக்கு வெயில் படக்கூடாது என்று மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒழுகுகிற லைன் கூரைக்கு என்று வந்த தார்ப்பாய். அது பூவுக்குக் கூரையானது. அதைக் கட்டிக் கொடுத்தவர்களும் நம் அப்பாக்கள்தான்.

எங்கள் அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். தலைச்சோலை மலைக்கிராமத்தில் பிறந்தவள், மேடு பள்ளம் அவளுக்குப் பழக்கம்தான். ஆனாலும் அந்த மாதம் ஓடையிலிருந்து ஏறி வரும்போது நடுவழியில் நின்று சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொள்வாள். போகிற வழியில் உட்காருவதற்கு இருந்த ஒரே இடம் பாய் கடை.

எஸ்டேட் பாதை பஸ் ரோட்டில் சேர்கிற வளைவில் இருந்த தகரக் கடையைச் சொல்கிறேன். சேலத்திலிருந்து வந்த பாய் முன்னால் கல்லாவில் உட்காருவார். பாயம்மா பின்னால் இருப்பாள். நடுவில் ஒரு சாக்குத் திரை. அவளை நாம் யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. நமக்குத் தெரிந்தது அவள் கை மட்டும்தான். பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை திரைக்குப் பின்னாலிருந்து வரும், டீ கிளாஸை வைக்கும், போகும். யாராவது இருமினால் அந்தக் கையோடு ஒரு குரலும் வரும்.

"யாரு சாமி அது, நெஞ்சு கட்டியிருக்குதா? இந்தா, சுக்குக் காப்பி. ஊதி ஊதிக் குடி."

உடைந்த வர்க்கித் துண்டுகளை அவள் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருப்பாள், நமக்காக. நம்மில் அந்த வர்க்கியைத் தின்னாதவர் யார்? வாழவந்தி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தாய்மார்கள் குழந்தைக்குப் பால் காய்ச்சியதும் அவள் அடுப்பில்தான்.

இனி ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. துரை வண்டி வரும் சத்தம் கேட்டால் பாதையை விட்டு ஓரம் இறங்க வேண்டும். இறங்கினால் மட்டும் போதாது. தலையில், தோளில் என்ன சுமை இருந்தாலும் அதைக் கீழே வைக்க வேண்டும். விறகானாலும், எருக்கூடையானாலும், தண்ணீர்க் குடமானாலும். ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். வண்டி போன பிறகு ஒருவர் சுமையை ஒருவர் தூக்கி விடுவோம். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பழக்கம் இது. நம்மைப் போலவே தமிழ் பேசுகிற துரை வந்த பிறகும் போகவில்லை. ஹாரன் சத்தம் கேட்டால் நாம் நினைப்பதற்கு முன்னாலேயே கால் ஓரத்துக்குப் போய்விடும்.

பூக் கண்காட்சிக்குத் தொட்டிகளை ஏற்றுகிற அன்றைக்கு, விடியும்போதே அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. லைனில் பிரசவம் பார்க்கிற அத்தை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் கதவோரமாக நின்று பார்த்தேன்.

"கொழந்த குறுக்கால கெடக்குது. இது என்னால ஆகாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க, ரெண்டு உசுரு," என்று அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா ஆபீசுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ரைட்டர் தொட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஊட்டுல நொம்ப முடியலீங்க. ஜீப்பு கெடச்சாத் தேவலீங்க."

"ஜீப்பு இன்னைக்குப் பூவுக்கு. நாளைக்கு வா, பாக்கலாம்."

நாளைக்கு வரச் சொன்னார். குறுக்காகக் கிடக்கும் குழந்தையை நாளைக்கு வரச் சொன்ன மனுஷன் அவர். அதைவிட எனக்கு ஆறாதது, எங்கள் அப்பா "செரிங்க" என்று சொல்லித் திரும்பியது. சண்டை போடவில்லை, கெஞ்சக்கூட இல்லை. செரிங்க!

கம்பளியை மூங்கில் கழியில் கட்டித் தூளி செய்தார்கள். அம்மாவை அதில் படுக்க வைத்து முன்னால் ஒருவர், பின்னால் அப்பா. தோள் மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு பேர். ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி முன்னே நடந்தார். காலை பஸ் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம்தான். டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் சுமந்தே போவது என்று கிளம்பினார்கள். தூளியோடு ஒட்டி அத்தை, பழைய புடவை மூட்டையோடு நான் பின்னால். காப்பிச் செடிகளுக்கு நடுவே அந்தக் கம்பளி ஆடி ஆடிப் போனது. அம்மாவின் ஒரு கை மட்டும் வெளியே வந்து மூங்கிலைப் பிடித்திருந்தது. அந்த விரல்கள் எப்படி வெளுத்திருந்தன என்று இப்போதும் எனக்குத் தெரியும்.

பாய் கடை வளைவுக்கு வந்துவிட்டோம். பின்னால் ஹாரன் கேட்டது.

"ஓரம்! ஓரம்! துரை வண்டி!" என்று மேஸ்திரி கத்தினார். சுமந்தவர்கள் ஓரம் இறங்கினார்கள். இறங்கி, தூளியைக் கீழே வைத்தார்கள்.

ஆமாம். எங்கள் அம்மாவை வாய்க்கால் பள்ளத்தில், காய்ந்த சருகு மேல் இறக்கி வைத்தார்கள். அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். யாரும் யோசித்துச் செய்யவில்லை. விறகுக் கட்டை இறக்குவது போலக் கை தானாக இறக்கியது. அம்மா கம்பளிக்குள்ளிருந்து கேட்டாள்:

"ஏனுங்க, எதுக்கு எறக்குனீங்க? வந்துட்டமா?"

அப்பா வண்டி வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். 

தொட்டிகள் குலுங்கக்கூடாது என்று ஜீப் மெதுவாக வந்தது. முன்னால் துரை, பின்னால் பூவோடு பூவாக ரைட்டர். அப்போதுதான் கடையின் சாக்குத் திரை விலகியது. பாயம்மா வெளியே வந்தாள். கை முழுக்க மைதா மாவு. வெளியே வருவதென்றால் போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டி இல்லை, வீட்டுப் புடவையோடு. நாம் நினைத்திருந்ததைவிடக் குள்ளமான பெண். வந்து நடுப்பாதையில் நின்றாள். ஜீப் நின்றது.

"யாரு இது?" என்றார் துரை.

ரைட்டர் எட்டிப் பார்த்தார். "கடைக்காரப் பாயோட சம்சாரமுங்க. ஏம்மா, பாய் எங்க? நீ உள்ள போ."

"அவரு சரக்கெடுக்கச் சேலம் போயிருக்காருங்க. இருந்திருந்தா அவரு வந்து நின்னிருப்பாரு. இல்லாததால நா நிக்கறனுங்க."

"வழிய விடும்மா. நேரமாச்சு," என்றார் துரை.

"விடறனுங்க. அதுக்கு முன்னால எறங்கி அந்தப் பள்ளத்துல ஒருக்காப் பாத்துருங்க. பாத்துப்போட்டுப் போறதுன்னாப் போங்க. நா நகந்துக்கறன்."

துரை இறங்கவில்லை. பள்ளத்தின் பக்கம் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. அதுவும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒன்றும் தெரியாதவர் மாதிரி வாட்சைப் பார்த்தார். "வெயில் ஏறுனாப் பூவெல்லாம் வாடிரும்மா," என்றார்.

"பூவுக்கு நா தண்ணி தெளிக்கறனுங்க. வாட உடமாட்டன். அந்தப் புள்ளைக்கு நீங்க வண்டியக் குடுங்க."

சொல்லிவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜீப்பின் பின்னால் போய் ஒரு தொட்டியைத் தூக்கிக் கடையோரம் நிழலில் வைத்தாள். "தொட்டீன்னா நடக்கறது வேற!" என்று ரைட்டர் குதித்தார். அவள் அடுத்த தொட்டியைத் தூக்கினாள். ஒரு இதழ் ஒடியவில்லை. நம் ஆண்கள் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி பல்லைக் கடித்து, "இவளால நம்ம பொழப்புப் போயிரும்," என்று முணுமுணுத்தார்.

எனக்குத் தொட்டி தூக்கத் தெரியும். அந்தக் கோடை முழுக்க அதைத்தானே பழக்கியிருந்தார்கள்? மூட்டையை வைத்துவிட்டுப் போய் ஒன்றைத் தூக்கினேன். அதன் பிறகுதான் அப்பா அசைந்தார். பிறகு மற்றவர்கள். டிரைவர் இறங்கிப் பின்கதவைக் கழற்றி விட்டான். கடைசியில் துரையும் இறங்கத்தான் வேண்டியிருந்தது.

பாயம்மா உள்ளே ஓடித் தன் வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டுவந்து அம்மாவைச் சுற்றிப் போர்த்தினாள். அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அப்பாவும் அத்தையும் ஏறிக்கொண்டார்கள். ஜீப் கொட்டச்சேட்டு ரோட்டில் திரும்பி டவுனைப் பார்த்துப் பறந்தது. எனக்கு இடம் இல்லை. பாயம்மாவோடு நின்றேன்.

அடுத்து நடந்ததுதான் உங்களில் பலருக்குத் தெரியாதது. பாயம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். என் கையில் ஒரு சொம்பைக் கொடுத்து, தானும் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பூவுக்கும் தண்ணீர் தெளித்தாள். கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த துரைக்கு டீயும் போட்டாள், திரைக்குப் பின்னாலிருந்து நீட்டினாள். துரை வாங்கிக் குடித்தார். கிளாஸை நீட்டிய அந்தக் கையில் வளையல்கள் நிற்காமல் கிலுகிலுத்தன. நான் திரைக்குள் போய் மெதுவாகக் கேட்டேன்.

"பாயம்மா, பயமா இருக்குதுங்களா?"

"நொம்பப் பயமாத்தான் இருக்குது சாமி. நீ தண்ணியத் தெளி. உங்கம்மா வந்துரும்."

ஜீப் திரும்பி வந்தது. பூக்கள் வாடவில்லை. பரிசு கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவின் வயிற்றை அறுத்து என் தங்கையை எடுத்தார்கள். இவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று நர்சம்மா அப்பாவைத் திட்டினாளாம். பள்ளத்தில் வைத்திருந்தேன் என்று அவரால் சொல்ல முடியுமா? தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம்.

அவள் போட்ட டீயைக் குடித்தாரே துரை, அவர் அந்த வாரமே ஒரு உத்தரவு போட்டார். எஸ்டேட் ஆள் யாரும் பாய் கடைக்குப் போகக்கூடாது. நாம் என்ன செய்தோம்? போகவில்லை. சர்க்கரைக்கும் டீத்தூளுக்கும் மலையைச் சுற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போனோம். அந்த வளைவு வந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டோம். குழந்தைக்கு அவள் அடுப்பில் பால் காய்ச்சிய அதே பெண்கள், "ஆம்பள இல்லாத நேரத்துல துப்பட்டி கூட இல்லாம ரோட்டுல வந்து நின்னாளே, அவளெல்லாம் ஒரு குடும்பத்துப் பொம்பளையா?" என்று குழாயடியில் பேசினார்கள். என் காதால் கேட்டேன். யார் பேசியது என்று எழுத மாட்டேன். அவர்கள் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள்.

பாய் நல்லவர். சேலத்திலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டவர் பாயம்மாவை ஒரு வார்த்தை கடியவில்லையாம். ஈ ஓட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். "வண்டிய நிறுத்தறதுதான் நிறுத்துன, கூட ரெண்டு பஸ்ஸயும் நிறுத்தியிருந்தா யாவாரமாச்சும் ஆயிருக்கும்," என்று திரையைப் பார்த்துச் சொல்வார். திரைக்குப் பின்னால் சிரிப்புக் கேட்கும். ஆனால் டப்பாவில் வர்க்கி ஊசிப்போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கடையை மூடிக்கொண்டு சேலத்துக்கே போயிருப்பார்கள்.

அம்மா எழுந்து நடமாட நாளானது. துப்பட்டியைத் துவைத்துத் துவைத்துப் பார்த்தாள். கறை போகவில்லை. என்னிடம் கொடுத்து அனுப்பினாள். உத்தரவை மீறிச் செடிகளுக்குள் புகுந்து நான் போனேன். பாயம்மா வாங்கவில்லை. "இதுல புள்ளைக்குத் தூரி கட்டச் சொல்லு கண்ணு," என்று திருப்பிக் கொடுத்தாள். அந்த ரம்ஜானுக்கு அவள் சொந்தக்காரர் வீட்டுக்கு எங்கும் போகவில்லை. கடைக்குள்ளேயே இருந்தாள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவளிடம் இருந்ததே அந்த ஒரு துப்பட்டிதான்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வேலை முடிந்து எல்லாரும் விறகுக் கட்டோடு திரும்புகிற நேரம். வளைவுக்கு வரும்போது ஜீப் வந்தது. தொப் தொப்பென்று விறகுக் கட்டுகள் தரையில் விழுந்தன. எல்லாரும் பள்ளத்தில் நின்றார்கள். அம்மா மட்டும் குழந்தையை அணைத்துக்கொண்டு நடுப்பாதையில்.

"ஏ புள்ள, ஓரம் வா! துரை வண்டி!" என்று மேஸ்திரி அலறினார்.

அம்மா திரும்பினாள். அவள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒருக்கா எறக்கி வெச்சீங்க. மறுக்கா எறங்க மாட்டன்."

அப்பா பள்ளத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. ஜீப் அவளுக்குப் பின்னால் நின்று உறுமியது. அம்மா அவசரப்படவில்லை. வயிற்றுத் தையலோடு எப்படி நடக்க முடியுமோ அப்படி நடந்து, நேரே பாய் கடைக்குள் போனாள்.

"பாயம்மா, ஒரு டீ போடுங்க. புள்ளையப் பாருங்க, உங்க மூக்கு மாதிரியே இருக்குது."

"எம் மூக்கு எங்க பாத்த நீ?" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பள்ளத்துல கெடந்தப்ப மேல பாத்தேன். அது ஒண்ணுதான் தெரிஞ்சுது."

கடைக்குள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு பள்ளம் வரைக்கும் கேட்டது. முதலில் பிரசவம் பார்க்கிற அத்தை மேலே ஏறி வந்தாள். விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டே வந்தாள், ஜீப் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே. பிறகு இன்னொருத்தி. மறுநாள் நான்கைந்து பேர் கடைக்குப் போனார்கள். எத்தனை பேரைத்தான் வேலையை விட்டு நிறுத்துவார்கள்? உத்தரவு என்ற ஒன்று இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. சுமையை இறக்குகிற பழக்கமும் மெல்ல மெல்லப் போனது.

அந்த மழைக்காலத்தில் லைனில் இன்னொருத்திக்கு வலி கண்டது. யாரும் கேட்காமலே ஜீப் வந்து நின்றது. ரைட்டரே ஏறி வந்திருந்தார். துரையின் மனசு என்கிறார்களே, அது இதுதான். அந்த வளைவில் இன்னொரு தடவை அந்தக் குள்ளப் பெண் வந்து நின்றுவிடுவாளோ என்ற பயம். பயத்துக்குப் போய்க் கல் வைத்து மாலை போட்டிருக்கிறீர்கள்.

பாய் இறந்த பிறகு பாயம்மா சேலத்துக்குப் போய்விட்டாள். அங்கேயே மௌத்தாகிப் போனாள். நம் லைனிலிருந்து முகம் பார்க்கப் போனது அம்மா, தங்கை, நான், மூன்று பேர்தான். கடை இருந்த இடத்தில் இப்போது டூரிஸ்ட் கார்கள் நிற்கின்றன. தொட்டில் கட்டிய துப்பட்டி கிழிந்து, பிடிதுணியாகி, எங்கே போனதென்றே தெரியவில்லை.

கல் திறந்த அன்று சாயங்காலம், நாமெல்லாரும் கையில் ஆளுக்கொரு இனிப்புப் பெட்டியோடு ரோட்டில் நடந்து வந்தோம். முட்டி வலி, இடுப்பு வலி, கைத்தடி. பின்னால் துரை மகனின் கார் வந்து ஹாரன் அடித்தது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது, நான் சொல்கிறேன். ஒருவர் விடாமல் ஓரம் இறங்கினீர்கள். இறங்கி, கையிலிருந்த இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்தீர்கள்.

என் தங்கை நடு ரோட்டில் நின்று உங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வளர்ந்த காலத்தில் அந்தப் பழக்கமே இல்லை.

"ஏக்கா, எதுக்கு இவிங்க பொட்டியக் கீழ வெக்கறாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

 அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கார் எங்கள் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது. நாளைக்கு அவள் உங்கள் வீட்டுப் பக்கம் வந்து அதையே கேட்பாள். நீங்களே சொல்லுங்கள்.